தமிழுக்கு ஓகே சொல்ல வேண்டியவள்

12 மார்ச் 1983, சனி

பாசாரிலிருந்து வாங்கி வந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அண்ணன் எடுத்து, "கனகம், உனக்குத்தான். ஆரோ கிள்ளான்காரர்" என்றார்.

கிள்ளானில் சினிமாக் கொட்டகை வைத்திருக்கும் பழனியப்பன். நேரில் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. "மிஸ் கனகேஸ்வரிங்களா? ஞாயித்துக்கெழம வானொலி நாடகத்துல உங்க தமிழத்தான் வருசக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒரு வேலை செஞ்சு குடுக்கணுமே" என்றார்.

இருபது வருடத்துக்கு முந்திய கறுப்பு வெள்ளை மலாய்ப் படம் ஒன்றின் உரிமையை வாங்கியிருக்கிறாராம். அதைக் கலரில், மலாயிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் திரும்ப எடுக்கப்போகிறார். ஒரே டைரக்டர், ஒரே கேமரா, ஒரே கதாநாயகி. ஒவ்வொரு காட்சியையும் முதலில் மலாயில் எடுப்பார்கள். அதே இடத்தில் அடுத்த டேக் தமிழில். மலாய்ப் படத்துக்கு 'மூவாரா', தமிழுக்கு 'ஆற்றுமுகம்'. டைரக்டர் ஹம்டானுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆகவே தமிழ் வசனத்தை நான் எழுத வேண்டும். எழுதியதோடு படப்பிடிப்பிலும் இருந்து, பேசியது சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

அண்ணன் மீனை முள் பிரித்தபடி கேட்டார்: "பப்ளிக் வேர்க்ஸில டைப் அடிக்கிற நீ படம் எடுக்கப் போறியோ?"

போகிறேன் என்றேன். முப்பத்தொன்பது வயது. பதினோரு வருடமாக வானொலியில் மகாராணியும் மாமியாருமாகப் பேசுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் நடந்துபோனால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

2 ஏப்ரல் 1983

கதாநாயகியைப் பார்த்தேன். புஷ்பவல்லி, வயது இருபத்து மூன்று. சுங்கைவே பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்தவள்; அம்மா இன்னும் அங்கே செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். பக்கத்து மலாய்க் கம்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் மலாய் தண்ணீர் மாதிரி வருகிறது. ஒரு நாடகப் போட்டியில் பார்த்துப் பழனியப்பன் பிடித்து வந்திருக்கிறார்.

மலாயில் ஒரு காட்சி பேசிக் காட்டினாள். ஹம்டான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பிறகு தமிழ். அதே கண், அதே கை. ஆனால் வாய் — 'வாளப்பளம்', 'மளை'. முதல் நாளே திருத்த ஆரம்பித்துவிட்டேன்.

"நாக்கை மேலே மடித்து, பட்டும் படாமல்..."

"அக்கா, நாக்க எங்க வைக்கிறதுன்னு நெனச்சா எனக்கு அழுகையே வர மாட்டேங்குது லா" என்று சிரித்தாள்.

அந்த 'அழுகை'யையும் 'அளுகை' என்றுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

17 ஏப்ரல் 1983

வசனம் முடிந்தது. எழுபத்திரண்டு பக்கம். ஆற்று முகத்தில் இருக்கும் சிறு குடியிருப்பைக் கம்பெனி ஒன்று காலி செய்யச் சொல்கிறது. கணவனை இழந்த ஒருத்தி மட்டும் போக மறுக்கிறாள். மலாயில் அவள் பெயர் மெலாத்தி. தமிழில் மல்லிகா. கம்பெனி ஆட்களுக்கு முன் அவள் சொல்லும் ஒரு வசனத்தை ஒன்பது முறை மாற்றி எழுதினேன். "இங்கேதான் வாழ்ந்தோம். இங்கேதான் வாழ்வோம்." மலாயில் வேறு ஏதோ இருக்கிறது. என்னுடையதுதான் நல்லது.

28 மே 1983

ஜெஞ்சாரோமில் ஒரு பழைய பலகை வீட்டில் ஒரு வாரமாகப் படப்பிடிப்பு. அலுவலகத்துக்கு விடுப்பு.

ஒவ்வொரு தமிழ் டேக் முடிந்ததும் ஹம்டான் என் பக்கம் திரும்புவார். "சிக் கனகேஸ், தமிழ் ஓகே?" மொத்தக் கூட்டமும் என் முகத்தைப் பார்க்கும். நான் தலையாட்டினால்தான் கேமரா நகரும். அலுவலகத்தில் என்னை ஒருவரும் இப்படிக் காத்திருந்து பார்த்ததில்லை.

புஷ்பவல்லிக்கு மலாயில் ஒரு டேக். தமிழில் நாலு, ஐந்து. இன்று அவளுக்கு முகம் வாடிவிட்டது. ஒலிப்பதிவு செய்யும் நாகையா சாப்பாட்டு நேரத்தில், "விடுங்க மிஸ், தோட்டத்துப் பொண்ணுதானே கதையில? தோட்டத்துப் பொண்ணு மாதிரியே பேசட்டுமே" என்றார். சினிமாவுக்கு என்று ஒரு தமிழ் உண்டு என்றேன். அவர் மறுபடி கோழியைக் கடித்தார்.

20 ஜூன் 1983

சனிக்கிழமை நடந்தது. நேற்று எழுத உட்கார்ந்து முடியவில்லை. இன்றாவது நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

கேரித் தீவு. செம்பனை மரங்களுக்கு நடுவே பெரிய வாய்க்கால், அதன் மேல் ஒற்றைப் பலகை. அக்கரையில் கம்பெனி ஆட்கள். மல்லிகா பலகையில் ஓடி வந்து, நடுவில் நின்று திரும்பி, அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஜனங்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவள் அம்மா பவுனம்மாளும் வேலை உடுப்போடு நின்றார்.

மலாய் ஒரே டேக். ஹம்டான் கை தட்டினார்.

தமிழ், முதல் டேக். ஓடி வந்தாள், நின்றாள், திரும்பினாள். கண்ணில் நீர் நிறைந்து விழாமல் நின்றது. வேடிக்கை பார்த்த ஜனங்கள்கூட மூச்சுவிடவில்லை. "இங்கேதான் வாள்ந்தோம். இங்கேதான் வாள்வோம்."

"தமிழ் ஓகே?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

இரண்டாவது டேக்கில் ழகரத்தை நினைத்துக்கொண்டு திரும்ப மறந்தாள். மூன்றாவதில் முதல் சொல் சரியாக வந்தது, இரண்டாவது வரவில்லை. தூறல் ஆரம்பித்துவிட்டது. ஹம்டான் எரிச்சலோடு என்னிடம் கத்தினார், என்ன பிரச்சினை என்று. என்ன சொல்வது? ழகரம் என்றால் அவருக்கு என்ன தெரியும்? மழைக்குள் நின்று அதற்கு எத்தனை வாக்கியம் வேண்டும்? சுலபமாக இருந்ததைச் சொன்னேன்.

"டியா லூப்பா."

மறந்துவிட்டாள் என்று.

ஹம்டான் ஒலிபெருக்கியை எடுத்து, எல்லார் முன்னாலும் மலாயில் அவளைத் திட்டினார். இரண்டு வரி மனப்பாடம் செய்யத் தெரியாதவளுக்கு நடிப்பு எதற்கு என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கரைக்குத் திரும்பிப் போனாள்.

நாலாவது டேக். பலகை நனைந்திருந்தது. எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'இன்னொன்று' என்றது நான்தானே. அவள் ஓடி வந்தாள். கவனம் காலில் இல்லை, நாக்கில் இருந்தது. திரும்பிச் சொல்லும்போதே பலகை புரண்டது. இடது கால் பலகைக்கும் கரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் — கேட்டேன்.

பவுனம்மாள் வாய்க்காலுக்குள் இறங்கி ஓடி வந்தார். தோட்டத்து லோரியில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புஷ்பவல்லியின் தலை என் மடியில். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, கடேசியா சொன்னது சரியா வந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கவனிக்கவேயில்லை. அவள் விழுவதைத்தான் பார்த்தேன். சரியாக வந்தது என்றேன்.

26 ஜூன் 1983

இடுப்பிலும் முழங்காலிலும் முறிவு. கம்பி வைத்திருக்கிறார்கள். படப்பிடிப்பு நின்றுவிட்டது.

பவுனம்மாள் வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்க, அதுவே பெரிசு தாயி" என்றார். பசியாறினீர்களா என்று கேட்டு ஒரு ரொட்டியை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

9 ஜூலை 1983

பழனியப்பன் வந்தார். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்களாம்: மழை வரும் நேரத்தில் எதற்காக நாலாவது முறை ஓட விட்டீர்கள்? தமிழுக்குப் பொறுப்பாக இருந்தவர் எழுதித் தர வேண்டும்.

"அந்தப் பொண்ணு வசனத்த மறந்துருச்சின்னு டைரக்டர் சொல்றாரு. அதையே நீங்களும் இங்கிலீஷ்ல நாலு வரி அடிச்சிக் குடுத்துட்டா போதும் மிஸ்."

மறக்கவில்லை, நான்தான் — என்று சொல்ல வாயெடுத்தேன். 'அப்படியானால் அன்றைக்கு ஏன் மறந்தாள் என்றீர்கள்?' என்று கேட்பாரே. ஹம்டானும் கேட்பார். அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும், வானொலி நிலையத்துக்குத் தெரிந்துவிடும்...

அடித்துக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அவர் போன பிறகு அண்ணன் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு உண்மையா என்ன நடந்தது, கனகம்?" வழுக்கி விழுந்தாள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

30 அக்டோபர் 1983

'கலைஞரின் சொந்தக் கவனக்குறைவு' என்று இன்சூரன்ஸில் முடித்துவிட்டார்களாம்; நஷ்டஈடு கிடையாதாம்.

தொழிற்சாலையிலும் நின்று செய்யும் வேலை. புஷ்பவல்லியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேரித் தீவுக்கே போய்விட்டாள்.

14 ஜனவரி 1984

பொங்கல். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

11 பெப்ரவரி 1984

அங்காசாபுரி வானொலி நிலையத்தில் நாடக ஒலிப்பதிவு முடிந்து கேன்டீனில் தேநீர் குடிக்கும்போது நாகையா வந்து உட்கார்ந்தார். படம் மறுபடி தொடங்கப் போகிறதாம். மீதி இருப்பது கதையின் மூன்றில் ஒரு பங்கு. ஹம்டான் கதையையே மாற்றிவிட்டார்: மல்லிகா வாய்க்காலில் விழுந்து கால் ஊனமாகிறாள், அந்தக் காலோடேயே கடைசி வரை போராடுகிறாள். புதுக் கதாநாயகியை வைத்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே விழுந்ததையே கதையாக்கிவிட்டார்கள்.

பேச்சோடு பேச்சாக நான் கேட்டேன், அன்றைக்கு எடுத்த நாலு டேக்கில் ஒலி எதில் நன்றாக வந்திருக்கிறது என்று.

நாகையா சிரித்தார். "அந்தச் சவுண்டையா? அத யாரு மிஸ் படத்துல போடப் போறா? வாய் அசைவு பாத்துக்கிறதுக்குச் சும்மா எடுக்கறது. கடேசில மொத்தமும் ஸ்டூடியோல உக்காந்து டப்பிங் பேசறதுதானே. வாள்வோம்னாலும் வாழ்வோம்னாலும் திரையில வாய் ஒரே மாதிரிதான் அசையும்."

"எனக்குத் தெரியாதே!"

"நீங்க கேக்கலியே மிஸ். ரேடியோக்காரங்களாச்சே, தெரியும்னு நெனச்சேன்."

தேநீர் ஆறிப்போயிற்று. வானொலியில் பேசியதுதான் கடைசி; பேசிய சொல் அப்படியே காற்றில் போய்விடும். அதனால்தான்... இல்லை. அதைக் காரணமாக எழுதிக்கொள்ளாதே கனகம். முதல் டேக்கிலேயே எல்லாம் இருந்தது. நீ கேட்டது ஒரே ஓர் எழுத்தை.

5 மே 1984

மீண்டும் கேரித் தீவு. புஷ்பவல்லி கம்பு ஊன்றி வந்தாள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா, பசியாறியாச்சா?" என்றாள், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தது போல.

தொடங்குமுன் ஹம்டான் அவள் தோளைத் தட்டி, இந்த முறை வசனத்தை மறந்துவிடாதே என்று மலாயில் வேடிக்கையாகச் சொன்னார். அவளும் சிரித்தபடியே மலாயில் பதில் சொன்னாள்:

"அன்றைக்கும் நான் மறக்கவில்லை, என்சே ஹம்டான்."

ஹம்டான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கேமரா பக்கம் போய்விட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மலாய்! அவள் மலாயில் நடிக்கிறவள். நான் அன்றைக்கு ஹம்டானிடம் சொன்ன இரண்டு சொல் அவள் காதில் விழுந்திருக்காதா? இத்தனை மாதமாக அது எனக்குத் தோன்றவேயில்லை. அவள் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவள் காதைப் பற்றி நினைப்பே வரவில்லை.

ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். அம்மாவிடம்கூட.

இன்று எடுத்த அத்தனை தமிழ் டேக்குக்கும் முதல் முறையே ஓகே சொன்னேன். ஹம்டான் ஆச்சரியப்பட்டார்.

19 மே 1984

படப்பிடிப்பு முடிந்தது. புறப்படும்போது அவளிடம் போனேன். சொல்லத்தான் போனேன். படியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் பக்கத்தில் இருந்தார். "படம் எப்பக்கா வரும்?" என்றாள். தீபாவளிக்கு வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3 நவம்பர் 1984

வரவில்லை. பிலிம் கழுவப்போன இடத்தில் பெட்டிகளை மாற்றி, இரண்டு படத்தையும் கலந்து ஒட்டிவிட்டார்களாம். பழனியப்பன் கொட்டகையில் காலையில் மலாய்ப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது ரீலில் மெலாத்தி வீட்டுக்குள் நுழைந்து தமிழில் வாயசைக்கிறாள். மலாய் மாமியார் மலாயில் பதில் சொல்கிறார். இயந்திரம் ஓட்டுபவர் விழுந்து விழுந்து சிரித்தார். பழனியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

27 ஏப்ரல் 1985

பொங்கலுக்கும் வரவில்லை. சித்திரைக்கும் வரவில்லை.

புஷ்பவல்லியிடமிருந்து கடிதம், ரூல் போட்ட தாளில். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறதாம். 'படம் எப்போது என்று அம்மா தினமும் கேட்கிறது. என் தமிழில் உள்ள பிழைகளை மன்னிக்கவும்' என்று முடித்திருந்தாள். கடிதத்தில் ஒரு பிழை இல்லை.

13 ஜூலை 1985

மலாய்ப் படம் வெளிவந்தது. ஒரு வாரம் ஓடியது. யாரும் பெரிதாகப் பேசவில்லை. இப்போதெல்லாம் எல்லாரும் வீட்டில் வீடியோ பார்க்கிறார்கள்.

5 அக்டோபர் 1985

இன்றைக்கு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரமாக யோசித்து, உண்மையை எழுதிக் கடிதமாக அடித்து வைத்திருந்தேன். புஷ்பவல்லி வசனத்தை மறக்கவில்லை. ஓர் உச்சரிப்புக்காக நான்தான் திரும்ப எடுக்கச் சொன்னேன். என் முந்திய கடிதம் தவறு. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். நேரில் கொடுக்க வேண்டும் என்று.

பழனியப்பன் என்னைப் பார்த்ததும், "நானே கூப்பிடணும்னு இருந்தேன் மிஸ்" என்றார். "தமிழ் டப்பிங் அடுத்த வாரம். மலாய்க்கு அந்தப் பொண்ணே பேசிருச்சி. தமிழுக்கு நீங்க பேசணும்."

"ஏன்? அவளே பேசட்டுமே!"

"அது பேச்சக் கேட்டா டவுன் ஜனங்க சிரிக்கும் மிஸ். நீங்கதானே ஒவ்வொரு டேக்கையும் சரியில்ல, சரியில்லன்னீங்க? இப்ப என்ன?"

கைப்பையைத் திறக்கப்போன கையை எடுத்துக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

"மலாய்ப் படம் விழுந்துருச்சி. உங்க கொரலு இருக்குன்னு போஸ்டர்ல போட்டா நாலு பேரு வருவாங்க. இல்லேன்னா தமிழ்ப் படத்தப் பொட்டியிலயே வச்சிர வேண்டியதுதான். அந்தப் பொண்ணு கால ஒடச்சிக்கிட்டது வீணாப் போவும், அவ்வளவுதான்."

போஸ்டரில் என் பெயர் வேண்டாம் என்றேன். அது மட்டும்தான் சொன்னேன். கடிதம் கைப்பையிலேயே திரும்பி வந்தது.

16 அக்டோபர் 1985

டப்பிங் மூன்றாவது நாள். பலகைக் காட்சி. ஹம்டான் முதல் டேக்கைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். முகம் அதில்தான் சரியாக இருக்கிறதாம். அந்த முகம் திரும்பத் திரும்பத் திரையில் ஓடி வந்து என் முன் நின்றது. அதன் வாய்க்கு நேராக நான் சொன்னேன்: "இங்கேதான் வாழ்ந்தோம். இங்கேதான் வாழ்வோம்."

ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாகையா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு நிமிடம், என் குரல் அந்த முகத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

8 டிசம்பர் 1985

அவளுக்கு எழுதிச் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லித் தெரிவதற்குள். மூன்று தாள் கிழித்தேன்.

1 மார்ச் 1986

தைப்பூசத்துக்கு வரும் என்றார்கள். பத்துமலையில் போஸ்டர்கூட ஒட்டினார்கள். அதுவும் தள்ளிப்போயிற்று. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

16 ஆகஸ்ட் 1986, சனி

தமிழ்ப் படம் வந்துவிட்டது. கிள்ளானில் பழனியப்பனின் கொட்டகையில் மட்டும், மூன்று நாள். தொடங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டது.

பகல் காட்சிக்குப் போனேன். வாசலில் தோட்டத்து லோரி ஒன்று நின்றது. கேரித் தீவிலிருந்து நாற்பது ஐம்பது பேர், நல்ல சேலை, பூ. புஷ்பவல்லி கம்பில்லாமல் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்க எங்க பக்கத்துலதான் உக்காரணும் அக்கா." பவுனம்மாள் நடுவில்; இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். உள்ளே போவதற்கு முன் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நின்றேன். மணி அடித்துவிட்டது.

மல்லிகா திரையில் வந்தாள். விசில் பறந்தது. பவுனம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மல்லிகா வாய் திறந்தாள்.

என் குரல்.

விசில் அடங்கிப்போயிற்று. நான் புஷ்பவல்லியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இருட்டில் அவள் கை நாற்காலிக் கையைப் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது.

பவுனம்மாள் கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார். பிறகு மகள் பக்கம் சாய்ந்து, "ஏம்புள்ள, இது யாரு கொரலு? எங்கியோ கேட்ட கொரலு மாதிரி இருக்கே" என்றார்.

இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

"என் கொரலுதாம்மா" என்றாள் புஷ்பவல்லி. "மைக்குல பேசுனா அப்படித்தான் கேக்கும்."

"மெய்யாவா?"

"ஆமாம்மா. படத்தப் பாரு."

அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. பின்வரிசைக்குத் திரும்பி, "எம்மவ கொரலுதான், மைக்குல அப்படிக் கேக்குதாம்" என்று சொன்னார். வரிசை வரிசையாக அது போயிற்று. மறுபடி விசில்.

பலகைக் காட்சியில் ஜனங்கள் அழுதார்கள்.

வெளியே வந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். நீ மறந்துட்டதா பொய் சொன்னேன், லெட்டர் எழுதிக் குடுத்தேன், உன் குரலையும் நான் — என்னால் சரியாகக் கோர்த்துக்கூடப் பேச முடியவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள்.

"எல்லாம் தெரியும்க்கா. கொரலு ஒண்ணுதான் இன்னிக்குத் தெரிஞ்சுது. தமிழுக்கு அங்க பேசுனதயே போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்." இடது காலை மாற்றி ஊன்றிக்கொண்டாள். "அதுதான் ரொம்ப வலிச்சிச்சி. கால விட."

"அம்மாவிடம் நான் சொல்கிறேன், புஷ்பா. தோட்டத்து ஆட்களிடமும் சொல்கிறேன். இப்பவே வா..."

"வேணாம்." குரல் கடினமாக வந்தது. "சொல்லிராதீங்க. அங்க பாருங்க அம்மாவ."

லோரிப் பக்கம் பவுனம்மாள் நாலைந்து பெண்களுக்கு நடுவே நின்று, "எம்மவ தமிழ கேட்டீங்களா, ரேடியோக்காரவுங்க மாதிரி!" என்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குச் சொன்னா பாரம் எறங்கும். எனக்குப் புரியுதுக்கா. ஆனா அது அம்மா தலையில எறங்கும்."

லோரி புறப்பட்டபோது பவுனம்மாள் எனக்குக் கை காட்டினார். புஷ்பவல்லி காட்டவில்லை.

21 ஆகஸ்ட் 1986

உண்மைக் கடிதத்தைத் தபாலில் பழனியப்பனுக்கு அனுப்பியிருந்தேன். இன்று கூப்பிட்டார். கோபம் இல்லை, களைப்பாக இருந்தார். "இன்சூரன்ஸ்ல அந்த ஃபைல மூடி மூணு வருசம் ஆவப்போவுது மிஸ். இதக் கொண்டுபோயி யார்கிட்ட குடுக்கறது?"

ஹம்டானுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பதில் இல்லை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, "அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

14 செப்டம்பர் 1986, ஞாயிறு

வானொலி நிலையத்திலிருந்து தம்புசாமி அழைத்தார். நாடகப் பிரிவின் பொறுப்பாளர். தீபாவளிக்கு மூன்று வாரத் தொடர், அக்காள் பாத்திரம், எனக்கென்றே எழுதியதாம்.

இனி எழுதித் தருகிறேன், பேச மாட்டேன் என்றேன்.

"என்னங்க இது? தொண்டையில ஏதாவது...?"

ஆமாம், தொண்டைதான் என்றேன். டாக்டர் பேரைக் கேட்டார். சொல்லவில்லை.

ஆயாக்கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமையும் வானொலி பாடிக்கொண்டிருக்கும். பவுனம்மாள் அங்கேதான் மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். திரையில் கேட்ட குரல் அங்கே கேட்கக் கூடாது.

மாலை நாலு மணிக்கு நாடகம் வந்தது. மாமியாராக யாரோ புதுப் பெண். நன்றாகத்தான் பேசினாள். அண்ணன் வானொலியை அணைக்கவா என்று கேட்டார்.

இருக்கட்டும் என்று கையால் காட்டினேன்.